கட்டைக் கணக்கும் கலைஞனின் கூலியும்

கலையின் வரலாறு கலைஞரின் பெயர்ப்பட்டியல் அன்று. அவர்தம் கையில் இருந்த கருவிகள், அவற்றைச் செய்தோர், அவற்றின் விலை, அவற்றால் வாழ்வு பெற்றோர், வாழ்வு இழந்தோர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அவ்வரலாறு. மலிவான விசைப்பலகைக் கருவி ஒன்று சந்தைக்கு வரும்பொழுதெல்லாம் இசையுலகம் இரு கூறாவதைக் காண்கிறோம். இசை ஏழைக்கும் எட்டிற்று என ஒரு சாரார் மகிழ்வர். இசைக்கே கேடு சூழ்ந்தது என மற்றொரு சாரார் வருந்துவர். இன்றைய மின்னிசைக் கீபோட்டைப் பற்றி எழும் இவ்வழக்குப் புதியதன்று. ஆர்மோனியத்தின்மேல் நூறாண்டுகளுக்கு முன்னரே தொடுக்கப்பட்ட வழக்கின் மறுவிசாரணையே இது.

வழக்கை ஆராயப் புகுமுன் மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றின் சுவரொன்றை நினைவுகொள்வது பயன் தரும். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனின் கோட்டையாகிய அக்குன்றில் தீட்டப்பட்டுள்ள பெண்ணுருவங்கள் உலகறிந்தவை. பிற்காலத்தில், பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, அவற்றைக் காண வந்தோர் மெருகிட்ட கண்ணாடிச் சுவரில் தம் எண்ணங்களைச் சிங்களச் செய்யுள்களாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். துறவிகள், அதிகாரிகள், போர்வீரர், பெண்டிர் எனப் பலதிறத்தாரும் அங்கே பேசுகின்றனர். எழுத்தறிந்தோரின் சுவரே அது. ஆயினும், கலையைப் பற்றிக் கருத்துரைக்கும் உரிமை அங்கே அரசனுக்கும் அவைப்புலவனுக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை.

ஆர்மோனிய வழக்குக்கு அத்தகைய சுவர் வாய்க்கவில்லை. அறிஞர் எழுதியவை அச்சில் நிற்கின்றன. அப்பெட்டியை வாசித்து வயிறு வளர்த்தவன் என்ன எண்ணினான் என்பது பெரும்பாலும் காற்றோடு போயிற்று. இவ்வரலாற்றைக் கற்போர் முதலிற் கருத்திற் கொள்ள வேண்டியது இக்குறைபாட்டையே.

சீகிரியா ஓவியங்களைப் பற்றியே மாறுபட்ட கருத்துரைத்த ஒருவர் ஆர்மோனிய வழக்கிலும் முதன்மையான சாட்சியாகிறார். அவ்வோவியப் பெண்டிர் பிதுரங்கல விகாரைக்குச் செல்லும் அரசகுல மகளிர் என்றார் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல். மேகத்திடையே தோன்றும் அப்சரசுகள் என்றார் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இற் பிறந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் இயக்குநராகக் கிராமங்களிற் சுற்றியபொழுது, இறக்குமதிப் பண்டங்களின் முன் உள்ளூர்க் கைவினைஞன் அழிவதைக் கண்ணாரக் கண்டார். 1909இற் கொழும்பில் வெளிவந்த தம் தேசிய இலட்சியக் கட்டுரைகளில் கிராமபோனையும் ஆர்மோனியத்தையும் அவர் சாடியதன் பின்னணி இதுவே. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது 1908ஆம் ஆண்டு நூலை அவர் அச்சிட்ட பொறி, ஆங்கிலச் சமதர்மவாதியும் கைவினைஞருமான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய பொறியாகும். எனவே குமாரசுவாமியின் எதிர்ப்பைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடல் நீதியாகாது. உழைப்பின் மாண்பு பற்றிய கவலை அதனுள் இருந்தது.

அவர் சாடிய கருவி எங்ஙனம் இம்மண்ணுக்கு வந்தது? 1840களின் தொடக்கத்திற் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபேன் என்பார் ஆர்மோனியம் என்ற பெயரிற் காப்புரிமை பெற்றார். உலோக நாக்குகள் காற்றில் அதிர்வதால் ஒலி பிறக்கும் அக்கருவி, குழாய் ஓர்கன் வாங்க வசதியற்ற சிறு தேவாலயங்களுக்கும் இல்லங்களுக்கும் உதவிற்று. அதன் பிறப்பே மலிவின் பொருட்டு நிகழ்ந்தது எனலாம். பாதிரிமாருடனும் குடியேற்ற அதிகாரிகளுடனும் அது கிழக்கே வந்தது. காலால் மிதித்து, நாற்காலியில் அமர்ந்து வாசிக்க வேண்டிய அதனை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் பாயில் அமர்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக்கினார். துருத்தி பின்புறம் சென்றது. ஒரு கை காற்றூட்ட, மறுகை கட்டைகளில் ஓடியது. ஐரோப்பியப் பண்டம் ஒன்று கீழைத் தச்சனின் கையில் மறுபிறவி எடுத்த வரலாறு இது.

ஆர்மோனியத்தின்மேற் சுமத்தப்பட்ட குற்றம் பொய்யன்று. ஒரு ஸ்தாயியை 1200 நுண்பங்குகளாக வகுத்தால், சட்சத்தோடு 5:4 என்ற இயல்பான விகிதத்தில் இசையும் காந்தாரம் 386ஆவது பங்கில் நிற்கும். பன்னிரு சுரங்களையும் சம இடைவெளியில் வைத்த விசைப்பலகையில் அது 400ஆவது பங்குக்குத் தள்ளப்படுகின்றது. பழகிய செவிக்கு இவ்வேறுபாடு உறுத்தும். அதனினும் பெரிய குறை, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுகிச் செல்ல இயலாமை. கமகமின்றித் தோடி ஏது? பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வந்த வயலினும் அந்நியக் கருவியே. ஆயின் அதன் தந்தியில் மெட்டுகள் இன்மையால் விரல் வேண்டியவாறு வழுகியது. கருநாடக இசை அதனைத் தன் பிள்ளையாக்கிக் கொண்டது. ஆர்மோனியமோ வாயிலிலேயே நிறுத்தப்பட்டது. பாரதியாரும் அதன்மேல் எரிச்சல் கொண்டோர் வரிசையிலேயே நின்றார்.

ஆயினும் ஒரு விந்தையைக் காண்க. ஆர்மோனியத்தைப் பழிக்கும் பாடகரும் தம் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை என்றே சொல்கின்றனர். அக்கட்டைகள் விசைப்பலகையின் கட்டைகளே. விசைகளை நீக்கி, நாக்குகளையும் துருத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டு சுருதிப் பெட்டி என்ற பெயரில் அதே கருவி கச்சேரி மேடையில் வீற்றிருக்கின்றது. முன்வாயிலில் மறுக்கப்பட்டது பின்வாயிலால் நுழைந்து பணி செய்தது.

நாடக மேடை அதனை மறுக்கவே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களைத் தாங்கிச் சென்ற குழுக்களில் ஆர்மோனியக்காரரே இசைக்குழுவின் முதுகெலும்பு. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர். ஒலிபெருக்கி வாராத காலத்திற் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சுருதி கேட்க வேண்டும். வண்டியிலும் கப்பலிலும் ஏற்றிச் செல்லும்பொழுது கருவி கெடாதிருக்க வேண்டும். விலையும் எட்ட வேண்டும். இம்மூன்றுக்கும் வீணை விடை தரவில்லை. கொழும்பில் ஜோன் டி சில்வாவின் நூர்த்தி நாடகங்களுக்கும், 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்துக்கும் இதே பெட்டியும் தபேலாவுமே துணை நின்றன. சிங்களத்தில் அதன் பெயர் சர்ப்பினா. ஆர்மோனியத்துக்கும் முற்பட்ட செரபின் என்ற நாக்குக் கருவியின் பெயரை அம்மொழி காத்து வைத்திருக்கின்றது.

வழக்கின் தீர்ப்பு 1940 மார்ச் 1ஆம் நாள் செயலுக்கு வந்தது. அன்று முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் தடை செய்யப்பட்டது. வானொலியின் ஆங்கில அதிகாரி லயனல் பீல்டன், அங்கு மேலை இசைக்குப் பொறுப்பாக இருந்து 1939இல் மறைந்த ஜோன் போல்ட்ஸ், கவி இரவீந்திரநாத் தாகூர் ஆகியோர் அனைவரும் அக்கருவியை வெறுத்தனர். ஆளும் வெள்ளையரும் அவரை எதிர்த்த தேசியவாதிகளும் ஒருமித்த அரிய இடங்களுள் இஃது ஒன்று. அவர்களுள் எவரும் ஆர்மோனியம் வாசித்துக் கூலி பெற்றவர் அல்லர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தடை முப்பதாண்டுக்கு மேல் நீடித்தது. 1971இலேயே, அதுவும் நிபந்தனைகளோடு, தளர்ந்தது. அரசு வானொலியே கலைஞனுக்கு நிலையான ஊதியம் தரக்கூடிய பெருநிறுவனமாக வளர்ந்த காலம் அது. அக்காலம் முழுவதும் அதன் கதவு அவ்வாத்தியக்காரனுக்கு மூடிக் கிடந்தது. தடையால் மக்களின் செவி மாறியதா? 1952இல் சினிமாப் பாடல்களையும் அதே வானொலி ஒதுக்கியபொழுது, இந்திய நேயர்கள் தம் பெட்டிகளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். 1957இல் விவித பாரதியைத் தொடங்கி இந்திய அரசு தன் நேயரை மீட்க வேண்டியதாயிற்று.

மின்னிசைக் கருவியின் கதையும் இவ்வாறே தொடங்குகின்றது. 1980இல் யப்பானியக் கணிப்பான் நிறுவனமான கசியோ தன் முதற் கீபோட்டை விற்பனைக்கு விட்டது. 1981இல் வந்த அதன் எம்.டி.-40 என்ற சிறு கருவி அமெரிக்காவில் ஏறத்தாழ 150 டொலர். 1983இல் யமஹாவின் டி.எக்ஸ்.-7 அங்கே ஏறத்தாழ 2,000 டொலர். இரண்டுக்கும் இடையே ஒலித்தரத்தில் மட்டும் வேற்றுமை இல்லை. விலையுயர்ந்த கருவியிற் சுரத்தை வளைக்கும் சக்கரம் உண்டு. மலிவான கருவியில் அது கிடையாது. அச்சக்கரத்தைக் கொண்டே கீபோட்டிற் கமகம் வாசித்துக் கருநாடகக் கச்சேரி செய்கின்றார் சென்னையின் கே. சத்தியநாராயணன். ஆர்மோனியத்தின் குறை இயற்கையில் எழுந்தது. ஏழையின் கீபோட்டில் உள்ள குறையோ விலைப்பட்டியலில் எழுந்தது. கமகம் வேண்டுமாயின் கூடுதற் பணம் கட்டு என்பதே சந்தையின் இலக்கணம்.

இசைத்தொழிலாளர் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? 1982இற் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, மின்னிசைக் கருவிகளுக்குத் தடை கோரித் தீர்மானம் நிறைவேற்றிற்று. தேசியச் சங்கம் அதனை ஏற்கவில்லை. அத்தீர்மானத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆயின் அதன் கீழே இருந்தது சுருதிப் பிரச்சினை அன்று, சோற்றுப் பிரச்சினை. வயலின்காரர் பலர் இருந்து வாசிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இரு கைகளால் வாசித்தாற் மற்றையோர் எங்கே போவர்? சென்னையிலும் பம்பாயிலும் 1990களிற் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களின் பெருங்குழுக்கள் சுருங்கியபொழுது இக்கேள்வி நம் பக்கத்துக்கும் வந்தது.

மறுபக்கமும் உண்டு. எம்.டி.-40இன் தாளங்களை அமைத்தவர் கசியோவிற் புதிதாய்ச் சேர்ந்திருந்த ஒகுடா ஹிரோகோ என்ற பெண்மணி. அவற்றுள் ஒன்றை ஜமெய்க்காவின் இளைஞர் இருவர், வெய்ன் சிமித்தும் நோயல் டேவியும், கண்டெடுத்தனர். ஒலிப்பதிவாளர் கிங் ஜம்மி அதன் வேகத்தைக் குறைத்தார். 1985இல் வெளிவந்த அப்பாடல் ரெகே இசையின் போக்கையே மாற்றிற்று. பெருங்குழுவை அமர்த்தப் பணமில்லாத சேரியின் கையில், கைக்கெட்டும் விலைக் கருவி ஒரு புதிய இசை மரபையே ஈன்றது.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னரே யப்பானிய மின்கருவிகள் கடைவீதியை நிரப்பின. மாத்தளை மாவட்டத்தில் இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே, சீகிரியாவுக்கு அணித்தான தம்புள்ளையைக் கடந்து, மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தம்மோடு தப்பையும் கொண்டுவந்தனர். தோட்டத்தில் விடியலிற் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. காமன் கூத்தில் முழங்கியதும் தப்பு. சாவு வீட்டில் ஒலித்ததும் தப்பு. இன்று திருவிழா மேடையிற் கீபோட் ஏறுகின்றது. தோட்டத்து இளைஞன் எவருடைய தயவுமின்றி, எந்தச் சாதிக்கட்டும் இன்றி இசை பயில அது வழி செய்கின்றது. அதே பொத்தான் தாளம் அவன் தந்தையின் தப்புக்குக் கிடைத்த கூலியைக் குறைக்கவும் செய்கின்றது. இரண்டும் உண்மை. இந்தியச் சந்தைக்கெனத் தபேலா, தம்புரா ஒலிகளைப் பதித்த கீபோட்டுகள் விற்கப்படுகின்றன. எவருடைய மேளம் கருவியின் நினைவில் ஏறும், எவருடையது ஏறாது என்பதை நிருணயிப்பது யார்? மேலும், 2022இற் சில வாரங்களுக்குள் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபொழுது, மலிவான கருவி என்ற சொல்லே இத்தீவிற் பொருளிழந்தது.

ஆகவே ஏற்பதா, விலக்குவதா என்ற கேள்வி பிழையாகக் கேட்கப்பட்ட கேள்வி. தடை, கருவியை ஒழிக்கவில்லை, வாத்தியக்காரனை வாட்டியது. கண்மூடி வரவேற்றலும் கலைஞனைக் காக்கவில்லை. ஊதியம் மிச்சப்படுத்தியவனைக் காத்தது. வரலாறு காட்டும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. துவாரகாநாத் துருத்தியை இடம் மாற்றினார். நம் பாடகர் விசைகளை நீக்கிச் சுருதிப் பெட்டியைக் கொண்டனர். ஜமெய்க்கர் தாளத்தின் வேகத்தைக் குறைத்தனர். கருவியைத் தம் தேவைக்கு வளைத்த மக்களே அதனை வென்றவர்கள்.

நம் பாடசாலைகள் கீபோட்டைக் கற்பிக்கட்டும். 386ஐயும் 400ஐயும் மாணவர் தம் செவியாலேயே வேறுபடுத்தி அறியட்டும். அதனருகே தப்பும் உறுமியும் பாடமாகட்டும். ஐவர் வேலையை ஒருவர் செய்யும் மேடையிற் கிடைக்கும் மிச்சம் யாரைச் சேர வேண்டும் என்பதை இசைக்கலைஞர் தாமே கூடிப் பேசி, சங்கமாகத் திரண்டு முடிவு செய்யட்டும். அடுத்த மலிவான கருவி வரும் நாளில் அதைப் பற்றிய கருத்துகள் மீண்டும் எழுதப்படும். அவ்வேளை கூலிக்கு வாசிப்பவனின் கையெழுத்தும் அச்சுவரில் இருத்தல் வேண்டும்.