பிங் டிவைனை வீட்டுக்கு அனுப்பிய ஆகஸ்ட்

மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைச் செயின்ட் லூயிஸ் நகரத்துப் புஷ் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார். பேஸ்பால் எனக்குத் தெரியாது. தெரிந்த கிரிக்கெட்டை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஸ்டேடியத்துக்கு வெளியே கார்டினல்ஸ் அணியின் பழைய ஆட்டக்காரர்களுக்கு வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். அதில் லூ பிராக் சிலையைக் காட்டி, "இவரை வாங்கிட்டு வந்தவரை ரெண்டே மாசத்துல வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. அன்று யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு விளக்கம். பேஸ்பாலில் 'மேனேஜர்' என்பவர் மைதானத்தில் நின்று அணியை நடத்துபவர். 'ஜெனரல் மேனேஜர்' வேறு ஆள். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று தீர்மானிப்பவர். அவர் வேலை யார் கண்ணிலும் படாது. பலன் தெரிய வருஷக்கணக்கில் ஆகும்.

பிங் டிவைன் செயின்ட் லூயிஸ்காரர். 1939இல் கார்டினல்ஸ் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1957 கடைசியில் ஜெனரல் மேனேஜர் ஆனவர். அணியின் முதலாளி கஸி புஷ், பட்வைசர் பீர் தயாரித்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1953இல் அணியை வாங்கினார். பீர் வியாபாரத்தில் அவர் நினைத்தது நடந்தது. பேஸ்பாலில் நடக்கவில்லை. கார்டினல்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1946இல்.

டிவைன் வந்ததுமே சின்சினாட்டியிலிருந்து கர்ட் ஃபிளட்டைக் கொண்டுவந்தார். பிறகு பில் வைட், ஹூலியன் ஹாவியர், டிக் குரோட் என்று ஒவ்வொருவராக. வீடு கட்டுகிறவர் கையில் காசு வரும்போதெல்லாம் ஒரு சுவரை எழுப்புவது போல. 1963இல் அணி 93 ஆட்டங்களை வென்று இரண்டாமிடம் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகி என்று 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகை டிவைனைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இரண்டாமிடம் முதலாளிக்குப் போதவில்லை. போதாக்குறைக்கு, எண்பது வயதைத் தாண்டிய பிராஞ்ச் ரிக்கியை ஆலோசகராக வேறு வைத்திருந்தார். ஜாக்கி ராபின்சனைப் பெரிய லீகுக்குக் கொண்டுவந்த அதே ரிக்கிதான். மேதை, சந்தேகமில்லை. ஆனால் நாம் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மேதையைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1964இல் அணி தடுமாறியது. ஜூன் 15ஆம் தேதி டிவைன் ஒரு காரியம் செய்தார். முந்தைய வருஷம் 18 வெற்றிகள் கண்ட பந்துவீச்சாளர் எர்னி புரோலியோவைச் சிகாகோ கப்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு லூ பிராக் என்ற இளைஞரை வாங்கினார். இரண்டு பக்கமும் வேறு சிலரும் கைமாறினார்கள், ஆனால் விஷயம் இவர்கள் இருவரும்தான். அப்போது பலருக்கு இது நஷ்ட வியாபாரமாகத் தெரிந்தது. பிராக் வேகமாக ஓடுவார், அவ்வளவுதான், இன்னும் பக்குவப்படாதவர். அந்தப் பிராக் மிச்ச சீசனில் .348 சராசரியில் அடித்தார். சதம், அரைசதம் கணக்குப் பார்க்கும் நமக்குச் சொல்வதென்றால், .300 எடுத்தாலே அங்கே நல்ல ஆட்டக்காரர். புரோலியோ சிகாகோவுக்காக மொத்தம் ஏழு ஆட்டங்கள்தான் வென்றார்.

இருந்தும் ஆகஸ்ட் நடுவில் கார்டினல்ஸ் முதலிடத்துக்கு ஒன்பது ஆட்டங்கள் பின்னால் கிடந்தது. குரோட்டுக்கும் மேனேஜர் ஜானி கீனுக்கும் நடந்த ஒரு மனஸ்தாபத்தைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்ற கோபமும் புஷ்ஷுக்கு இருந்தது. ஆகஸ்ட் 17 அன்று டிவைனை நீக்கினார். 25 வருஷ வேலை அன்றோடு முடிந்தது. ரிக்கி சிபாரிசு செய்த பாப் ஹவ்ஸம் அந்த இடத்துக்கு வந்தார்.

புஷ்ஷையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பதினொரு வருஷம் பணம் போட்டுக் காத்திருந்தவர். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு கிளை மேலாளர் மூன்று வருஷம் அலைந்து வாராக்கடன்களை வசூலுக்குக் கொண்டுவந்தார். ஜனவரியில் அவரை மாற்றினார்கள். மார்ச் முடிவில் பணம் வந்து சேர்ந்தது, பாராட்டுக் கடிதம் புதியவர் பெயருக்கு வந்தது. கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நான்தான்.

செப்டம்பர் 20ஆம் தேதி பிலடெல்பியா ஆறரை ஆட்டங்கள் முன்னால் இருந்தது. மிச்சம் இருந்தது 12 ஆட்டங்கள். உலகத் தொடருக்கு டிக்கெட் அச்சடிக்கலாம் என்ற நிலை. அடுத்த நாள் தோற்றது. அதற்கடுத்த நாளும். தொடர்ந்து பத்துத் தோல்விகள்! அதில் கடைசி மூன்று, செயின்ட் லூயிஸில் கார்டினல்ஸிடம். சீசனின் கடைசி நாளான அக்டோபர் 4 அன்று நியூயார்க் மெட்ஸை 11-5 என்று வென்று கார்டினல்ஸ் முதலிடம் பிடித்தது. மொத்த வெற்றிகள் 93. போன வருஷம் இரண்டாமிடம் தந்த அதே எண்ணிக்கை! பிறகு ஏழு ஆட்டத் தொடரில் யாங்கீஸையும் வென்று உலக சாம்பியன் ஆனது.

மறுநாள் புஷ் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார், கீனுக்குப் புது ஒப்பந்தம் அறிவிக்க. கீன் அவர் கையில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தார். தன் இடத்துக்கு லியோ டுரோச்சரிடம் பேச்சு நடந்ததை அவர் அறிந்திருந்தார். டிவைனுக்கு நடந்ததும் உறுத்தியிருக்க வேண்டும். தோற்ற யாங்கீஸ் அணிக்கே மேனேஜராகப் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகியாகவும் டிவைனையே தேர்ந்தெடுத்தார்கள். வேலையில் இல்லாதவருக்கு விருது!

டிவைன் மெட்ஸுக்குப் போனார். 1967 டிசம்பரில் அதே புஷ் அவரைத் திரும்ப அழைத்தார், அவரும் வந்தார். நானாக இருந்தால் போயிருப்பேனா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். 1972இல் சம்பளத் தகராறில் முதலாளி கட்டளையிட, ஸ்டீவ் கார்ல்டனைப் பிலடெல்பியாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கார்ல்டன் அந்த ஒரே வருஷம் அங்கே 27 ஆட்டங்கள் வென்றார். 1978இல் புஷ் டிவைனை இரண்டாம் முறையும் நீக்கினார்.

முதுமையில் மறுபடி கார்டினல்ஸுக்கே ஆலோசகராக வந்தார். 2006இல் அணி உலகத் தொடரை வென்றது. 2007 ஜனவரியில், 90 வயதில், டிவைன் செயின்ட் லூயிஸில் காலமானார்.