உள் சரக்கும் வெளிச் சரக்கும்



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு 'பாட்-அவுட்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிக்குள்ளே செய்த பாகம் ஒரு வகை, வெண்டரிடம் வாங்கிய பாகம் இன்னொரு வகை. வெண்டர் சிட்கோ பேட்டையிலும் இருப்பார், ஜூஜூவாடி தாண்டி பீன்யாவிலும் இருப்பார். ஸ்டோர்ஸில் இரண்டையும் ஒரே ரேக்கில் கலந்து போட்டால், பாகம் உடைகிற அன்று யாரைப் பிடிப்பது என்று தெரியாது. அதனால்தான் தனித்தனி ரேக், தனித்தனி பின் கார்டு.

இணையதளம் செய்கிறவர்களும் இதே பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது குடியிருப்போர் சங்கத்துக்கும், கோயில் கமிட்டிக்கும், ஓய்வூதியர் சங்கத்துக்கும் இணையதளம் வைத்திருப்பதால், இந்த வரலாறு நமக்கும் உதவும்.

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த டிரீஸ் பைடார்ட், 2001 ஜனவரியில் 'டிரூபல்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். இணையதளம் நடத்தத் தேவையான அடிப்படை வேலைகள் அதிலேயே இருந்தன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு நிரல், அதற்கு 'மாட்யூல்' என்று பெயர். கூடுதல் வசதி வேண்டுமானால், உலகில் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த மாட்யூலைக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். 2003-இல் வந்த வேர்ட்பிரஸ், 2004 மே மாதம் வெளியான 1.2 பதிப்பில் இதே வசதியைத் தந்தது. அங்கே அதன் பெயர் 'பிளகின்'.

டிரூபலின் ஆரம்பப் பதிப்புகளில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், எல்லா மாட்யூல்களும் அகர வரிசையில் ஒரே நீளப் பட்டியலாக நிற்கும். எது கூடவே வந்தது, எது பிறகு சேர்த்தது என்று பார்த்தவுடன் தெரியாது. பலர் கோப்புகளையும் ஒரே அடைவில் கலந்தே வைத்தார்கள். புதுப் பதிப்பு வந்து பழைய கோப்புகளை அழித்து மாற்றும்போது, வெளியிலிருந்து சேர்த்ததும் சேர்ந்து போய்விடும் ஆபத்து இருந்தது.

2007 ஜனவரியில் வந்த டிரூபல் 5 இதற்கு வழி செய்தது. ஒவ்வொரு மாட்யூலும் தன் பெயர், விவரம், எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதை எழுதிய சிறு கோப்பு ஒன்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும். நம் பின் கார்டேதான்! நிர்வாகப் பக்கத்தில் 'உள்ளே உள்ளவை: கட்டாயம்', 'உள்ளே உள்ளவை: விருப்பம்', அதன்பின் மற்றவை என்று தொகுப்பு வாரியாகப் பிரிந்தன. 2015 நவம்பரில் வந்த டிரூபல் 8-இல் உள் சரக்கு முழுவதும் தனி அடைவுக்குள் போயிற்று. வெளிச் சரக்குக்கு வேறு அடைவு.

ஆனால் இந்த எல்லைக்கோடு நிலையானதல்ல. பக்கங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் 'வியூஸ்' பல ஆண்டுகள் வெளி மாட்யூலாக இருந்தது. ஏறக்குறைய எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டதால் எட்டாம் பதிப்பில் உள்ளே எடுத்தார்கள். அதே பதிப்பில், உள்ளே இருந்த வலைப்பதிவு மாட்யூலை வெளியே அனுப்பினார்கள். வெண்டர் செய்ததைக் கம்பெனியே செய்ய ஆரம்பிப்பதும், கம்பெனி செய்ததை வெண்டருக்குத் தள்ளிவிடுவதும் நாம் பார்க்காததா?

உள்ளே இருந்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2014 அக்டோபர் 15 அன்று டிரூபல் 7-இன் உள் நிரலிலேயே பெரிய ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டு, திருத்தமும் வெளியானது. இரண்டு வாரம் கழித்து வந்த எச்சரிக்கை, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளங்களில் திருடன் நுழைந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. இரவு தூங்கி எழுவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. உள் சரக்கில் ஓட்டை என்றால் கவனிக்க ஒரு குழு இருக்கிறது. வெளி மாட்யூலை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலோ, அது அநாதை.

அதன் விலையையும் பார்த்தோம். ஏழாம் பதிப்பிலிருந்து எட்டுக்குப் போகும்போது பல வெளி மாட்யூல்களுக்குப் புதுப் பதிப்பு வரவில்லை. அவற்றை நம்பிய தளங்கள் நகர முடியாமல் நின்றன. 2021 நவம்பரில் முடிய வேண்டிய ஏழாம் பதிப்பின் ஆதரவை நீட்டி நீட்டி, கடைசியில் 2025 ஜனவரி 5 அன்றுதான் முடித்தார்கள்.

நம் சங்கத் தளத்தில் உறுப்பினர் பட்டியல், சந்தா கணக்கு, மறைந்தவர்களின் புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. தளம் செய்து கொடுத்த பையன் பெங்களூருக்கோ துபாய்க்கோ போவதற்கு முன், ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கூடவே வந்தவை எவை, சேர்த்தவை எவை, ஒவ்வொன்றையும் எதற்காகச் சேர்த்தார், கடைசியாக எப்போது புதுப்பித்தார். பயன்படாததை நிறுத்திவைத்தால் போதாது, நீக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைச் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். செயலாளர் மாறினாலும் தாள் இருக்கும்.