இரண்டு வெள்ளிக்கிழமைகள்

ஏதாவது ஒரு படத்துக்கு மத அமைப்புகள் எதிர்ப்பு என்று செய்தி வந்தால் போதும், எங்கள் ஆபீஸ் கேன்டீனில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "தயாரிப்பாளர் கொடுத்து வச்சவர்ப்பா, காசில்லாம விளம்பரம்!" நான் மும்பைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வசனத்தை இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் கேட்டாகிவிட்டது. நானே பலதடவை சொல்லியும் இருக்கிறேன். 2006க்கு அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தக் கதைதான் இது.

அப்போது அந்தேரியில் நாலு பேராக ஒரு வீட்டில் குடியிருந்தோம். டான் பிரவுன் எழுதிய 'டாவின்சி கோட்' நாவல் எங்கள் வீட்டில் கை மாறி மாறி அட்டை கிழிந்து கிடந்தது. (நடைபாதையில் வாங்கிய பிரதிதான், மன்னிக்கவும்.) ஏசு மக்தலேனா மரியாளை மணந்தார், வாரிசு உண்டு, அதைத் திருச்சபை மறைத்தது என்பதுதான் நாவலின் முடிச்சு. டாம் ஹாங்க்ஸ் நடிக்க ரான் ஹோவர்ட் அதைப் படமாக்கி, 2006 மே 19 அன்று உலகெங்கும் வெளியிட்டார்கள். இந்தியாவில் மட்டும் அன்றைக்கு வரவில்லை. கத்தோலிக்க அமைப்புகளின் எதிர்ப்பால் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி தலையிட்டு, சபைப் பிரதிநிதிகளைக் கூட்டி வைத்துப் படம் பார்த்தார். ஷர்மிளா தாகூர் தலைமையிலிருந்த தணிக்கை வாரியம் கடைசியில் வெட்டு எதுவும் இல்லாமல், 'ஏ' சான்றிதழோடும், இது முழுக்கக் கற்பனை என்ற அறிவிப்போடும் அனுமதி கொடுத்தது. ஒரு வாரம் தள்ளி மே 26 வெள்ளிக்கிழமை படம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ப் பார்த்தோம். வாசலில் ரெண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான். படம் சுமார். நாவலில் பக்கத்தைப் புரட்ட வைத்த விஷயங்களை எல்லாம் இங்கே உட்கார்ந்து பேசியே தீர்த்துவிட்டார்கள். கான் விழாவிலேயே விமர்சகர்கள் சிரித்துவிட்டார்கள் என்று படித்தது நிஜம்தான் என்று தோன்றியது.

அன்று ராத்திரி சென்னையிலிருந்து என் பாளையங்கோட்டை நண்பன் போன் பண்ணினான். பள்ளித் தோழன். ஞாயிறு பூசை தவறவிடாத கத்தோலிக்கன். நாவலை எனக்கு முன்னாலேயே படித்து, எது எது தப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தவன். "முடிவு சொல்லிராதல. அடுத்த வாரம் நானே பாத்துட்டு உங்கிட்ட பேசுதேன்" என்றான்.

அடுத்த வாரம் வரவில்லை. ஜூன் 1ஆம் தேதி தமிழக அரசு படத்துக்குத் தடை போட்டது. ஆந்திராவிலும் அதே கதை. நாகாலாந்து, பஞ்சாப், கோவா என்று வரிசையாகத் தடைகள். இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. படத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது மத்திய அரசின் வேலை. ஆனால் தியேட்டர் மாநில அரசின் கையில். 1955ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அமைதி குலையும் என்று தோன்றினால் மாநில அரசு திரையிடலை நிறுத்திவைக்கலாம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல வேண்டியதில்லை. "கலவரம் வரும்" என்றால் போதும்.

என் நண்பன் கொதித்துப் போனான். "எம் பேரச் சொல்லி எனக்கே தடையால?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. டிக்கெட்டின் கிழித்த பாதி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அப்புறம் கோர்ட். ஆந்திர உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்திலேயே தடையை ரத்து செய்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தமிழகத் தடையை ரத்து செய்தார். இந்த மாதிரி வழக்குகளுக்கு அடிப்படையே ஒரு தமிழ்ப் படம்தான், தெரியுமோ? 'ஒரே ஒரு கிராமத்திலே'. இட ஒதுக்கீடு பற்றிய சர்ச்சையில் மாட்டிய படம். ஆர்ப்பாட்டம் நடக்கும், ஊர்வலம் போவார்கள் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை நசுக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. ஆக, சட்டம் 2006லும் தெளிவாகத்தான் இருந்தது. படத்தை எடுத்தவர்கள் ஜெயித்தார்கள்.

ஜெயித்து என்ன பண்ண? நடுவில் ஜூன் மாதம் முழுக்கப் போயிருந்தது. 'க்ரிஷ்' வந்துவிட்டது, புது 'சூப்பர்மேன்' வந்துவிட்டது. ஒரு ஆங்கிலப் படத்துக்கு முதல் வெள்ளியும் இரண்டாம் வெள்ளியும்தான் உயிர். விளம்பரக் காசு எல்லாம் அந்த ரெண்டு வாரத்தைக் குறிவைத்துத்தான் செலவாகும். அதற்குள் திருட்டு விசிடி வேறு வந்துவிடும். என் நண்பன் அப்படித்தான் பார்த்தான். யாரோ தியேட்டரில் கேமராவை வைத்து எடுத்தது, பாதியில் ஒரு தலை குறுக்கே எழுந்து போகிறதாம். தடை போட்டவர்களுக்கு வழக்கில் தோற்றதால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர்களுக்குத் தேவை தீர்ப்பு இல்லை, ரெண்டு வெள்ளிக்கிழமை.

இதைச் சீனாவோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். அங்கே படம் மே 19 அன்றே வந்தது. மூன்று வாரம் ஓடவிட்டு, ஜூன் 9 முதல் தியேட்டர்களிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளூர்ப் படங்களுக்கு இடம் வேண்டும் என்று காரணம். அதற்குள் சுமார் 1.3 கோடி டாலர் வசூலாகியிருந்தது. அதாவது கல்லா நிரம்பிய பிறகு கதவைச் சாத்தினார்கள். உலகம் முழுக்க அந்தப் படம் ஏறக்குறைய 76 கோடி டாலர் வசூலித்து, அந்த வருஷத்தின் இரண்டாவது பெரிய படமானது. செலவு 12.5 கோடி. இதைக் காட்டித்தான் கேன்டீன்காரர்கள் "பாத்தியா, எதிர்ப்பால ஓடிச்சு" என்பார்கள். ஓடியது திறந்திருந்த தியேட்டர்களில்தான். மூடிய இடத்தில் எதிர்ப்பு ஒரு டிக்கெட்டைக் கூட விற்றுத் தரவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1988. மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்'. சிலுவையில் தொங்கும் ஏசு, சாதாரண மனிதனாகக் குடும்பம் குட்டியோடு வாழ்வதாக ஒரு சபலக் காட்சி காண்கிறார் என்பது கதை. வெளியீட்டுக்கு முந்தின நாள் யுனிவர்சல் ஸ்டுடியோ முன்னால் சுமார் 25,000 பேர் திரண்டார்கள். எல்லாப் பிரதிகளையும் விலைக்குத் தாருங்கள், அழித்துவிடுகிறோம் என்று ஒரு மதபோதகர் பேரம் பேசினார். பாரிஸில் ஒரு தியேட்டருக்கே தீ வைத்தார்கள், பலருக்குக் காயம். முதல் வாரக் கடைசியில் படம் ஓடியது 9 அரங்குகளில் மட்டும். வசூல் 4 லட்சம் டாலர். ஒரு அரங்குக்கு 44,000 டாலருக்கு மேல்! கூட்டம் இருந்தது, உட்கார இடம்தான் இல்லை. பெரிய தியேட்டர் கம்பெனிகள் சில படத்தைத் தொடவே மறுத்தன. பிறகு வீடியோக் கடைகளிலும் மிகப் பெரிய சங்கிலி ஒன்று கேசட் வைக்க மறுத்தது. அமெரிக்காவில் மொத்த வசூல் சுமார் 84 லட்சம் டாலர்.

பதினாறு வருஷம் கழித்து 2004இல் மெல் கிப்சனின் 'பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்'. யூதர்கள் மீது பழி போடுகிறது என்று யூத அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. பெரிய ஸ்டுடியோ எதுவும் விநியோகிக்க வரவில்லை. அராமிக், எபிரேயம், லத்தீன் பேசும் படம், ரத்தக்களறி வேறு. ஆனால் சாம்பல் புதனன்று 3,000க்கும் அதிகமான அரங்குகளில் வந்தது. சர்ச்சுகள் காட்சி காட்சியாக மொத்தமாக டிக்கெட் வாங்கின. சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம், உலகெங்கும் 60 கோடிக்கு மேல். இதையும் சர்ச்சையின் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பக்தியும் சர்ச்சையும் அந்தப் படத்துக்கு உதவியிருக்கலாம், ஆனால் வாசலை யாரும் அடைக்கவில்லை என்பதுதான் முதல் காரணம். 2014இல் 'பிகே'வுக்கு நடந்ததும் இதுதான். தியேட்டர்களில் ரகளை சூடுபிடித்தபோது படம் ஒரு வாரத்துக்கு மேல் ஓடி முடித்திருந்தது. இந்தியாவில் 300 கோடி ரூபாய் நிகர வசூலைத் தாண்டிய முதல் இந்திப் படம் அது.

அடைப்பதற்கு அரசு உத்தரவே வேண்டும் என்பதும் இல்லை. 'டாவின்சி கோட்' இங்கே வந்த அதே வெள்ளிக்கிழமை ஆமிர்கானின் 'ஃபனா'வும் வந்தது. மத விவகாரம் இல்லை, நர்மதை அணை பற்றி ஆமிர் பேசியதற்குக் கோபம். குஜராத்தில் தடை உத்தரவு எதுவும் கிடையாது. தியேட்டர்காரர்கள் படத்தைப் போடவில்லை, அவ்வளவுதான். ரத்து செய்யக் கேட்டு கோர்ட்டுக்குப் போகக்கூட ஒரு காகிதம் இல்லை.

"அப்போ 'விஸ்வரூபம்' நல்லாத்தானே ஓடிச்சு?" என்று கேட்பீர்கள். 2013 ஜனவரி 25 அன்று வரவேண்டிய படம். மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டு 15 நாள் நிறுத்தினார்கள். கோவைக்காரர்கள் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் வந்தது, கூட்டம் அலைமோதியது, எல்லாம் உண்மை. கமல் படத்துக்கு ரசிகர்கள் ரெண்டு வாரம் காத்திருப்பார்கள், டாம் ஹாங்க்ஸுக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் நடுவில் நடந்ததைப் பாருங்கள். ஒரு ராத்திரி தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வைத்தது. சொத்தை அடகு வைத்துப் படம் எடுத்த மனிதர், வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாமல், இஸ்லாமிய அமைப்புகளோடு உட்கார்ந்து ஏழு இடங்களில் காட்சியையும் வசனத்தையும் குறைக்கச் சம்மதித்தார். அந்த வெட்டு சரியா தப்பா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அதைக் கோர்ட் சொல்லவில்லை, தணிக்கை வாரியம் சொல்லவில்லை. காலண்டரும் வட்டிக்கணக்கும் சொன்னது.

என் நண்பன் 2009இல் ஒரு டிரெய்னிங்குக்காக மும்பை வந்தான். டாவின்சியின் அடுத்த படமான 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு முன்னால் பழையதை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம் என்று டிவிடி வாடகைக்கு எடுத்து வந்தேன். அந்தப் பழைய நோட்டை ஞாபகமாகக் கொண்டு வந்திருந்தான், பாவி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், அரை மணி நேரத்தில் நோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டான்.