எலிசபெத் பேக்கார்ட்: சட்டமன்றப் படியேறிய ஒரு மனைவி

இல்லினாய்ஸ் மாநிலச் சட்டமன்றம் மனநலக் காப்பகம் குறித்து 1851இல் இயற்றிய சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பிறரைக் காப்பகத்தில் சேர்க்க மனநோய்க்கான சான்று தேவை. மணமான பெண்களுக்கும் சிறார்க்கும் அது தேவையில்லை. கணவனோ காப்பாளனோ கேட்டு, தலைமை மருத்துவர் இசைந்தால் போதும். அமெரிக்கச் சட்ட வரலாற்றில் நம்மைத் திடுக்கிடச் செய்த வரிகளுள் இதுவும் ஒன்று.

அவ்வரியின் முழுப் பொருளையும் அனுபவித்து அறிந்தவர் எலிசபெத் பேக்கார்ட். 1816இல் மாசசூசெட்ஸில் பிறந்த அவர், தம்மினும் பதினான்கு வயது மூத்த போதகர் தியோஃபிலஸ் பேக்கார்டை 1839இல் மணந்தார். பிள்ளைகள் அறுவர். கணவரின் இறுகிய கால்வினியக் கோட்பாட்டை அவரது தேவாலயத்து விவிலிய வகுப்பிலேயே மறுத்துப் பேசியதுதான் 'நோய்' எனப்பட்டது. 1860 ஜூன் 18 அன்று, தாழிட்டிருந்த அறைக்குள் நுழையக் கணவர் கோடரியால் ஜன்னலை உடைத்தார் என்று எலிசபெத் எழுதியுள்ளார். உடன்வந்த மருத்துவர்கள் இருவர் நாடி பிடித்துப் பார்த்தனர், பைத்தியம் என்றனர். கடைக்குட்டிக்கு அப்போது ஒன்றரை வயது.

ஜாக்சன்வில் காப்பகத்தில் மூன்றாண்டுகள். எழுதத் தடை இருந்தும் மறைத்து மறைத்து எழுதினார். 1863இல் வெளிவந்தவரை மான்டீனோவிலிருந்த வீட்டிலேயே ஓர் அறையில் பூட்டி, ஜன்னலுக்கு ஆணியும் அடித்தார் கணவர். இங்கேதான் சட்டத்தின் விந்தையைக் காண்கிறோம். மனைவியைக் காப்பகத்துக்கு அனுப்ப உரிமையுள்ள கணவனுக்கு, அவளை வீட்டில் சிறைவைக்கும் உரிமை இல்லை! ஜன்னல் வழியே நழுவவிட்ட கடிதம் ஒன்று நண்பர்களிடம் சேர, ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. 1864 ஜனவரியில் காங்ககீ நகரில் நடந்த விசாரணையின் முடிவில், அவர் தெளிந்த மதியினர் என்று கூற ஜூரிகளுக்கு ஏழே நிமிடங்கள் பிடித்தன.

வென்றவர் வீடு திரும்பினால் வீடில்லை. பிள்ளைகளையும் உடைமைகளையும் அள்ளிக்கொண்டு கணவர் மாசசூசெட்ஸுக்குப் போய்விட்டிருந்தார். அது திருட்டன்று, மனைவியின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கிவிடும் என்பதே அன்றைய நெறி. நீதிமன்றம் தர இயலாததைச் சட்டமன்றத்தில்தான் கேட்க வேண்டும் என்று எலிசபெத் முடிவு செய்தார். அமெரிக்காவில் குடும்பச் சட்டம் மாநிலங்களின் கையில் உள்ளது. ஆகவே ஒவ்வொரு மாநிலத் தலைநகரின் படியையும் தனித்தனியே ஏறியாக வேண்டும். (1976இல் பென்சில்வேனியா, தாக்கும் கணவனை வீட்டைவிட்டு விலக்கிவைக்கும் பாதுகாப்பு ஆணைச் சட்டத்தை இயற்றியதும், 2019இல் நியூயார்க், வன்கொடுமைக்கு ஆளாகி அதன் விளைவாகக் குற்றமிழைத்தோரின் தண்டனையைக் குறைக்க வழிசெய்ததும் மாநில அளவில்தான்.)

அவர் கையிலிருந்த மூலதனம் எழுத்து ஒன்றே. அச்சாகாத நூலுக்கு முன்கூட்டியே சீட்டு விற்று, அத்தொகையில் நூலை அச்சிட்டார். நூல் விற்ற பணத்தில் ஊர் ஊராகச் சென்றார். சட்டமன்ற உறுப்பினர்களை நேரில் கண்டு, மனுவில் ஊர்ப் பெரியவர்களின் கையொப்பம் பெற்று, குழுக்களின் முன் பேசினார். தன் கதையைத் தானே எழுதி, தானே விற்று, அதனைச் சாட்சியமாகவும் வைத்த எழுத்தாளரை இலக்கிய வரலாறுகள் ஏன் கண்டுகொள்வதில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

அவர் வாதிட்ட முறை இன்றைய பெண்ணியர்க்கு உவப்பாக இராது. வாக்குரிமையை அவர் முன்வைக்கவில்லை. நீங்கள் ஆண்கள், பெண்களைக் காப்பது உங்கள் கடமை, அதனைச் சட்டமாக்குங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். பெண் ஒருவரும் இல்லாத அவைகளில் வேறு எந்த வாதம் எடுபட்டிருக்கும் என எண்ணிப் பார்க்கிறோம், விடை எளிதன்று.

1867இல் இல்லினாய்ஸ் இசைந்தது. ஜூரி விசாரணையின்றி எவரையும் காப்பகத்தில் அடைக்கலாகாது என்று சட்டம் வந்தது. முன்பே அடைபட்டிருந்தோர்க்கும் விசாரணை கிடைத்தது. மருத்துவர்கள் கொதித்தனர். நோயாளியை ஊரறிய மன்றில் நிறுத்துவது கொடுமையல்லவா என்றனர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. 1875இல் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரியை அவருடைய மகன் ராபர்ட் சிகாகோவில் இத்தகைய விசாரணைக்கு உட்படுத்தினார். முன்னறிவிப்பின்றி அழைத்துவரப்பட்ட மேரி பலரறிய அமர்ந்திருக்க, ஜூரிகள் சில நிமிடங்களில் அவரைப் பித்தர் என்றனர். அடுத்த ஆண்டு இன்னொரு ஜூரி அவரை நலமுடையவர் என்றது. கேடயம் இருபுறமும் வெட்டியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் 1851இன் அந்த வரியைவிட இது மேல் என்பதே நம் கருத்து.

மணமான பெண்ணின் உழைப்பூதியம் அவளுக்கே உரியது என்று இல்லினாய்ஸ் 1869இல் ஏற்றது. அதே ஆண்டு இளைய பிள்ளைகள் தாயிடம் வந்து சேர்ந்தனர். எலிசபெத்தோ ஓயவில்லை. அவருடைய முயற்சியால் 1872இல் அயோவா இயற்றிய சட்டம், காப்பகங்களைப் பார்வையிடும் குழுவில் ஒரு பெண்ணேனும் இடம்பெற வேண்டும் என்றது. உள்ளிருப்போர் அக்குழுவுக்குத் தடையின்றிக் கடிதம் எழுதவும் அது உரிமை அளித்தது. ஜன்னல் வழியே நழுவிய ஒரு கடிதத்தால் மீண்டவர் கேட்டுப் பெற்ற உரிமை அது. 1897இல் சிகாகோவில் அவர் மறைந்தார்.