மண்ணெண்ணெயில் கியர் மாற்றிய காலம்

கிராண்ட்பாஸில பைக் ஓட்டப் பழகுகிற யாருக்கும் முதல் நாளே விழுகிற ஏச்சு ஒன்று இருக்கு: "சத்தத்தக் கேட்டு கியர மாத்து!" மீட்டரைப் பார் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. இங்கே கராஜ் வைத்திருக்கிற நானாமாரும் அண்ணாமாரும் பைக் வாசலுக்கு வரும்போதே செயின் தளர்ந்திருக்கா, டெப்பட் பார்க்கணுமா என்று சொல்லிவிடுவாங்க. இப்படி எஞ்சினைக் காதால் வாசிக்கிற பழக்கம் உலகம் முழுக்க இருக்கு. ஆனால் எங்கள் நாட்டில் அதற்கான மிகக் கடுமையான வகுப்பு நடந்தது 1990களின் யாழ்ப்பாணத்தில், பெற்றோல் இல்லாத வீதிகளில்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் படிக்கிற யுத்த வரலாற்றில் பொருளாதாரத் தடைக்கு ஒரு பந்தி கிடைக்கும். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல், திகதி, அவ்வளவுதான். அந்தத் தடை பைக் ஓட்டினவங்களின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் எப்படிப் போனது என்பது அந்தப் பந்தியில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

அதற்கு முதல், கியர் மாறும்போது உள்ளே என்ன நடக்குது என்று கொஞ்சம் தெரியணும். இப்போதைய கார் கியர்பொக்சில், சுற்றும் வேகங்களைச் சமப்படுத்திவிட்டு கியரைக் கோர்க்கிற வளையங்கள் இருக்கும். வழமையான பைக்கில் அது கிடையாது. பைக்கின் பல்சக்கரங்கள் எப்பவும் ஒன்றோடொன்று கோர்த்தபடியே சுற்றும். கியர் மாற்றும்போது பக்கவாட்டில் இருக்கிற தடித்த பற்கள் பக்கத்துச் சக்கரத்தின் இடைவெளிக்குள் விழும். நாங்கள் கேட்கிற அந்தக் 'கடக்' அதுதான். கியரைக் கூட்டும்போது அக்சிலேட்டரை மூடினால் எஞ்சின் வேகம் தானாகவே இறங்கி வரும், பிரச்சினை இல்லை. குறைக்கும்போதுதான் சிக்கல். இரண்டாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 தரம் சுற்றுது என்று வையுங்கள். முதலாம் கியர் அதைவிட ஒன்றரை மடங்கு என்றால், பைக் அதே வேகத்தில் போக எஞ்சின் 6,000 தரம் சுற்ற வேண்டும். அந்த மிச்சம் 2,000ஐ நீங்கள் கையால் ஒரு சின்ன முறுக்கு முறுக்கிக் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் பின்சில்லு அதை இழுத்துக் கொடுக்கும்: பைக் ஒரு உலுக்கு உலுக்கும், ரயர் கத்தும், பின்னால் இருக்கிறவர் உங்கள் முதுகில் வந்து மோதுவார்.

யாழ்ப்பாணத்தின் பைக் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹொண்டா சுப்பர் கப் குடும்பம்: சி50, சி70, சி90, அதோடு எம்டி 90. சுப்பர் கப் 1958இல் ஜப்பானில் வந்தது. உணவு விநியோகம் செய்கிற பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டே மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்கணும் என்பது அதன் வடிவமைப்பில் இருந்த யோசனை. அதனால் கையில் கிளச் இல்லை. எம்டி 90 ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த சிவப்பு வண்டி.

இந்தப் பைக்குகளில் முன்விரலால் மிதித்தால் கியர் கூடும், குதிக்காலால் மிதித்தால் குறையும். மிதித்த கால் கீழே இருக்கும் வரைக்கும் கிளச் விலகியே இருக்கும், காலை விட்டால்தான் பிடிக்கும். ஆகவே ஓட்டத் தெரிந்தவர் குதிக்காலை உடனே எடுக்க மாட்டார். அழுத்திப் பிடித்துக்கொண்டு, அக்சிலேட்டரை ஒரு சொட்டு முறுக்கி, எஞ்சின் சத்தம் சரியான இடத்துக்கு ஏறினதும் காலை மெதுவாக விடுவார். உலுக்கல் இல்லாமல் கியர் இறங்கும். கிளச் இல்லாத பைக் என்று இளக்காரமாகப் பார்க்கிற எங்கள் வயசுக்காரருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டாங்க, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. வடக்குக்கு மின்சாரம் நின்றது, பெற்றோல், டீசல் போவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு போனது. பைக்கும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின.

இதை யாழ்ப்பாணத்தாரின் தனிக் கண்டுபிடிப்பு என்று பெருமையாகச் சொல்கிற ஆட்கள் உண்டு. நாங்கள் அவ்வளவு தூரம் போக மாட்டோம். இங்கிலாந்தில் 1940களின் கடைசியிலேயே பெர்குசன் உழவு இயந்திரங்களில் இப்படி ஒரு வகை இருந்தது: பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய் மாதிரியான எரிபொருளுக்கு மாற்றுவது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் கிணற்றடியில் மண்ணெண்ணெய் வோட்டர் பம்ப்பை இதே முறையில்தான் இயக்கினாங்க. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில் ஆவியாகும் என்பது வெங்காயத்துக்குத் தண்ணி இறைத்த எல்லாருக்கும் தெரிந்த விசயம். பைக்கில் அதைச் செய்ய ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் போதும். காபுரேட்டர் பக்கம் சில துளி விட்டு, உதைத்து, எஞ்சின் பிடித்துச் சூடேறினதும் மிச்சத்தை மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். பெற்றோல் அப்போது துளிக் கணக்கு.

கஷ்டம் ஓடத் தொடங்கின பிறகுதான். பெற்றோல் செட்டில் 92, 95 என்று எழுதியிருக்கிறதைப் பார்த்திருப்பீர்கள்தானே? அந்த இலக்கம், எரிபொருள் நேரத்துக்கு முன்னமே தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லுது. மண்ணெண்ணெய்க்கு அந்தத் தாங்குசக்தி மிகக் குறைவு. பிளக்கில் இருந்து தீ பரவிப் போய்ச் சேர முதலே மூலையில் இருக்கிற கலவை தானாக வெடித்துவிடும். அப்போது வருகிற சத்தம் தகர டப்பாவுக்குள் சில்லறைக் காசு போட்டுக் குலுக்கினது போல இருக்கும். 1921இல் தோமஸ் மிட்ஜ்லி அமெரிக்காவில் பெற்றோலுக்குள் ஈயச் சேர்மம் கலந்து இந்தத் தட்டலை நிறுத்தினார். (அந்த ஈயம் பிறகு உலகத்தின் காற்றையே நஞ்சாக்கினது வேறு கதை.) யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு மருந்தும் இல்லை. ஹெட்டுக்கு அடியில் இன்னொரு கேஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைப்பது, பிளக் எரிகிற நேரத்தைச் சற்றுப் பிந்தவைப்பது எல்லாம் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு உலகம் அறிந்த வைத்தியங்கள். அதற்கு மேலே ஓட்டுகிறவரின் கையும் காதும்தான்.

பெரிய கியரில், குறைந்த வேகத்தில், அக்சிலேட்டரை அகலத் திறந்தால் இந்தத் தட்டல் கூடும். கியரைக் குறைத்து எஞ்சினை விரைவாகச் சுற்றவிட்டு, அக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்தால் குறையும். ஆனால் எரிபொருளை மிச்சம் பிடிக்கணும் என்றால் இதற்கு எதிர்மாறாகச் செய்யணும்: சீக்கிரம் பெரிய கியருக்குப் போய் எஞ்சினை மெதுவாக ஓடவிடணும். எஞ்சினைக் காப்பாற்றுவதா, மண்ணெண்ணெயைக் காப்பாற்றுவதா? ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இந்தக் கேள்வி வந்து நின்றது. குடாநாடு மட்டமான நிலம், களனிப் பாலத்து ஏற்றம் மாதிரிக்கூட ஒன்று இல்லை. அங்கே கியரைக் குறைக்க வைத்தது வீதிக் குழியும் மணலும் ஒழுங்கை முடக்குகளும், ஒரு பைக்கில் ஏற்றின ஆட்களும் மூட்டைகளும்தான். தட்டல் தொடங்குகிற அந்த நொடியைப் பிடித்துக் கியரைக் குறைக்கத் தெரிந்தவரின் பைக் பிழைத்தது. தெரியாதவரின் பைக்கில் பிஸ்டன் போனது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், ஆகவே கவனமாக ஓட்டினாலும் எஞ்சின் தேயத்தான் செய்யும். தடை நீடித்த வருசங்களில் உதிரிப்பாகமும் லேசில் கிடைக்கிற சாமான் இல்லை.

இந்தக் கதையைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்கிற பெரியவங்களை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையச் சந்திக்கலாம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையோடு சேர்த்து இதையும் ஒரு வீரக்கதையாகத்தான் சொல்லுவாங்க. எங்களுக்கு அதில் ஒரு நெருடல் இருக்கு. பைக்குக்குள் ஊற்றினதும் அதே மண்ணெண்ணெய்தான், ஜாம் போத்தல் விளக்கில் எரிந்ததும் அதே மண்ணெண்ணெய்தான். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் எண்ணெய், மேலே ஒரு நூல்திரி. அந்த வெளிச்சத்தில் ஓ/எல், ஏ/எல் படித்த ஒரு தலைமுறை இருக்கு. அக்சிலேட்டரைத் தேவைக்கு மேலே முறுக்கினால் யாரோ ஒரு பிள்ளையின் படிப்பு நேரம் புகையாகப் போகும். அந்தக் கை அப்படி நிதானமாக முறுக்கினதற்கு எஞ்சின் மேலுள்ள பாசம் மட்டும் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

சத்தத்தை வைத்தே மேலே வருவது எந்த விமானம் என்று பிரித்துச் சொன்ன ஊர் அது என்பதையும் மறக்கக்கூடாது. பைக் ஓட்டிக்கொண்டிருக்கிறவருக்கு அந்தச் சத்தம் கடைசியாகத்தான் கேட்கும்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு பெற்றோல் தாராளமாகப் போனது. இந்தியாவில் இருந்து வந்த நாலு, ஐந்து கியர் பைக்குகள் பெருகின. குதிக்கால் வித்தையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

பிறகு 2022 வந்தது. அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, வரிசையில் நின்றவங்க நாங்கள்தான். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். முதல் தடவையாக கிராண்ட்பாஸ் பையன்கள் சிக்னலில் எஞ்சினை நிறுத்தினாங்க, தேவையில்லாமல் றேஸ் பண்ணுவதை விட்டாங்க, எந்தச் சத்தத்தில் கியரைக் கூட்டினால் எண்ணெய் மிச்சம் என்று பேசிக்கொண்டாங்க. அப்போது 92 பெற்றோல் லீற்றர் 450 ரூபாய், மண்ணெண்ணெய் 87 ரூபாய். விலையைப் பார்த்ததும் 'கலந்தால் என்ன?' என்ற கேள்வி கராஜ்களிலும் எழும்பியது. ஓகஸ்ட் 21ஆம் திகதி இரவு மண்ணெண்ணெய் 340 ரூபாயானதும் அந்தப் பேச்சு அடங்கியது. ஆனால் மண்ணெண்ணெயை நம்பியே கடலுக்குப் போகிற படகுக்காரருக்கு அது பேச்சோடு முடிகிற விசயமாக இருக்கவில்லை.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் பைக் ஓட்டினவங்க இருந்தால், எங்களுக்கு இரண்டு கேள்விகளைக் கேட்டுத் தாருங்கள். தட்டல் சத்தத்தை அவங்க என்ன பெயரால் சொன்னாங்க? ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் எவ்வளவு தூரம் போனாங்க? குரலாகப் பதிந்து அனுப்பினால் இன்னும் நல்லது.