யாருடைய கை? பழைய பிளெமிஷ் ஓவியங்களுக்கு விலை வைக்கிற கதை

ஒஸ்ரியாவில் ரைகெர்ஸ்பெர்க் என்கிற இடத்தில் ஒரு கத்தோலிக்க மடாலயம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ஓவியம் பல பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏரோது மன்னனின் கட்டளைப்படி பெத்லகேமில் குழந்தைகளைக் கொல்கிற காட்சி அது. தாய்மார் நகத்தால் கீறிப் போராடுகிறார்கள். பார்க்கவே மனம் பதறும். சொந்தக்காரக் குடும்பம் 1920களில் அதை மடாலயத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்தது. வரைந்தவர் ஜான் வான் டென் ஹூக்கே என்பதுதான் பதிவு. அவர் ரூபென்ஸின் பட்டறையில் வேலை செய்தவர், வெளியில் அவ்வளவாகப் பெயர் தெரியாதவர்.

2001 இல் சொத்பீஸ் ஏல நிறுவனத்தின் பிளெமிஷ் ஓவிய நிபுணர் ஜோர்ஜ் கோர்டன் இந்தப் படத்தைப் பார்த்தார். 2002 ஜூலை 10 அன்று லண்டனில் அது ஏலத்துக்கு வந்தது. 4 முதல் 6 மில்லியன் பவுண் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 49.5 மில்லியன். வாங்கியவர் கனடாச் செல்வந்தர் கென்னத் தொம்சன்.

இடையில் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறினது பெயர் மட்டும்தான். ஏலப் பட்டியலில் இந்தமுறை பீட்டர் போல் ரூபென்ஸ் என்று போட்டிருந்தார்கள். அப்ப அந்தக் காசு எதுக்குக் கொடுபட்டது? படத்துக்கா, பெயருக்கா? வரலாறு படிக்கிற எங்களுக்கு இது சும்மா பணக்காரர் விசயம் இல்லை. ஒரு மூலாதாரத்தை எப்படி நம்புவது என்கிற கேள்வியும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் காலத்து அன்ட்வேர்ப் நகரத்துக்குப் போவம். ரூபென்ஸ் இத்தாலியில் இருந்து 1608 இல் அங்கே திரும்பி வந்தார். கொஞ்சக் காலத்திலேயே அவருடைய பட்டறை ஐரோப்பா முழுக்கப் பேர் எடுத்தது. பட்டறை என்றால் உண்மையிலேயே பட்டறைதான். ஒருவர் பலகைக்கு அடிப்பூச்சுப் பூசுவார், இன்னொருவர் உடுப்பை வரைவார், மிருகம் வேண்டுமென்றால் பிரான்ஸ் ஸ்னைடர்ஸ், பூ வேண்டுமென்றால் ஜான் புரூகெல். இளம் வயது வான் டைக்கும் அங்கே வேலை செய்தவர். ஒரு படத்தில் பல கைகள் இருப்பது அங்கே ஒளிக்கிற விசயமாக இருக்கவில்லை.

இதற்கு நல்ல சாட்சி ரூபென்ஸே எழுதின ஒரு கடிதம். 1618 இல் ஹேக் நகரத்தில் இருந்த ஆங்கிலேயத் தூதர் டட்லி கார்ல்டனிடம் பழைய பளிங்குச் சிலைகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக ஓவியங்கள் தருவதாக ரூபென்ஸ் ஒரு பட்டியல் அனுப்பினார். சிங்கங்களின் நடுவே தானியேல்: முழுக்கத் தன் கை, 600 புளோரின். கட்டுண்ட புரொமிதியஸ்: கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ், 500 புளோரின். சில படங்கள் மாணவர் வரைந்தவை, தான் திருத்தியவை. ஒரு மாணவர் தொடங்கின 'இறுதித் தீர்ப்பு' படத்தைப் பற்றி அவர் சொல்வதுதான் சுவாரசியம்: நான் முழுக்க மேலால் திருத்திவிட்டால் அது என் சொந்தப் படமாகவே செல்லும் என்கிறார். கார்ல்டன் விட்டாரா? ரூபென்ஸின் கை பட்ட மூலப் படங்களாகப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தார்.

ஆக, கைக்கு விலை வைக்கிற பழக்கம் இன்றைக்கு வந்தது இல்லை. ஆனால் ரூபென்ஸ் யாருடைய கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டார்.

இன்றைய ஏலப் பட்டியலிலும் இதே மாதிரி ஒரு ஏணி இருக்கிறது. பெயரை மட்டும் போட்டால் நிறுவனத்தின் கருத்தில் அது அவரே வரைந்தது. 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் கொஞ்சம் சந்தேகம். 'அவருடைய பட்டறை' என்றால் அவரின் கீழ் யாரோ செய்தது. 'அவருடைய வட்டம்', 'அவரைப் பின்பற்றியவர்' என்று இன்னும் கீழே போகும். 'அவர் பாணியில்' என்றால் பெரும்பாலும் பிற்காலத்தது. 'அவரைப் பார்த்து' என்றால் நகல். ஒவ்வொரு படி இறங்கவும் விலை பல மடங்கு விழும். ஒரு சொல்லில் கோடிகள் தொங்குகின்றன.

அந்தச் சொல்லை எப்படி முடிவு செய்கிறார்கள்? நல்ல மதிப்பீட்டாளர் படத்தின் முகத்தோடு நிற்கமாட்டார், முதுகையும் பார்ப்பார். அன்ட்வேர்ப் பலகைகளில் நகரத்தின் முத்திரையைச் சுட்டுப் பதிப்பார்கள்: ஒரு கோட்டையும் இரண்டு கைகளும். பலகை செய்தவரும் தன் அடையாளத்தை இடவேண்டும் என்று 1617 இல் விதி வந்தது. பலகை ஓக் மரம் என்றால் வளையங்களை அளந்து, எந்த ஆண்டுக்கு முன்னர் அந்த மரம் வெட்டுப்பட்டிருக்க முடியாது என்று சொல்லலாம். கழியூதாக் கதிரில் வைத்தால் பிற்காலத்தில் தடவின பூச்சு பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். எக்ஸ்-கதிர் உள்ளே மாற்றி வரைந்ததைக் காட்டும். கடைசியாக, படம் யார் யாரிடம் கைமாறி வந்தது என்கிற காகிதங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மரவளையம் 'இவர் இல்லை' என்று சொல்லலாம், 'இவர்தான்' என்று சொல்லாது. அதைச் சொல்வது கடைசியில் மனிதக் கண்தான்.

அந்தக் கண்ணும் காகிதமும் பிழைக்கும். எங்கள் படம் 1700 அளவில் லிக்டென்ஸ்டைன் இளவரசர்களின் சேகரிப்புக்குப் போனது. 1767 இல் அச்சான பட்டியலில் அதற்கு டி நெவே என்கிற வேறொருவரின் பெயர் விழுந்தது. பிறகுதான் வான் டென் ஹூக்கே பெயர் வந்தது. இப்ப நிபுணர்கள் அந்தப் படத்தை 1611–12 அளவில் வைக்கிறார்கள். வான் டென் ஹூக்கே பிறந்ததே 1611 இல்! தொட்டில் பிள்ளையின் பெயரில் ஒரு பெரும் ஓவியம் இவ்வளவு காலமாகப் பதிவில் இருந்திருக்கிறது. ஒருமுறை அச்சில் ஏறின பிழையைப் பின்னால் வருகிற ஆக்கள் பார்த்தெழுதினால் இதுதான் நடக்கும். எங்கள் ஒப்படைகளுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோர்டனுக்கு முக்கிய ஒப்பீடாக இருந்தது 'சிம்சோனும் தெலீலாளும்'. அதுவும் அதே சேகரிப்பில் இருந்ததுதான். 1980 இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் சுமார் 2.5 மில்லியன் பவுணுக்கு வாங்கினது. அது ரூபென்ஸ் இல்லை என்று வாதாடுகிற சிலர் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஓவியக்கூடம் தன் முடிவில் நிற்கிறது. அதன் பலகையின் பின்பக்கத்தை யாரோ சில மில்லிமீற்றருக்குச் சீவி வேறு பலகையில் ஒட்டிவிட்டார்கள். முதுகு சொல்லியிருக்கக்கூடிய சாட்சி அதோடு போய்விட்டது.

இதில் காசும் கலந்திருக்கிறது. பெயர் சொல்கிற ஏல நிறுவனமே விற்றுத் தரகும் எடுக்கிறது. அதனால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. 2002 இல் சொன்ன பெயரைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், சொன்னால் யாருக்கு இலாபம் என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் எந்தப் பெயரையும் நம்பக்கூடாது.

எங்களுக்கு உறுத்துவது வேறொன்று. ஏணியின் கீழ்ப்படிகளில் இருப்பவர்களும் வரைந்தவர்கள்தான். அடிப்பூச்சுப் பூசின பெடியனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சந்தைக்கு ஒற்றைப் பெயர் வேண்டும். வரலாற்றுக்கு எல்லாக் கையும் வேண்டும். பட்டறைப் படம் என்று தெரிந்தால் விலை விழலாம், அந்தக் காலம் எப்படி வேலை செய்தது என்பதற்கு அதன் சாட்சி விழாது.

அந்த ஓவியம் இப்ப ரொறொன்ரோவில், ஒன்ராரியோ ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அங்கே சொந்தக்காரர் இருக்கிற ஆக்கள் எங்களில் கனபேர். போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ. பக்கத்தில் இருக்கிற பெயர்ப்பலகையைக் கடைசியாக வாசிக்கட்டும். முதலில் அந்தத் தாய்மாரின் கைகளைப் பார்க்கட்டும்.