தீயரண்: ஒரு சுவர் இடம்பெயர்ந்த வரலாறு

நம் நகரங்களின் பழைய கடைவீட்டு வரிசைகளை உற்று நோக்கியோர், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே செங்கற்சுவர் எழுந்து நிற்பதைக் கண்டிருப்பர். ஒரு கடையில் பற்றிய தீ வரிசை முழுவதற்கும் பரவாமல் தடுப்பதும் அச்சுவரின் பணிகளுள் ஒன்று. தீ நம் வரிசைக்குள்ளேயே பிறக்கக்கூடும் என்னும் முன்னெச்சரிக்கை அதில் உண்டு. கட்டடக் கலையில் இவ்வாறு வழங்கிய சொல்லைக் கணினித் துறை கடனாகப் பெற்றது. நாம் அதனைத் தமிழில் ‘தீயரண்’ என்கிறோம். ஆனால் சொல்லைப் பெற்றவர்கள் அதன் முதற்பொருளை உணர நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றையே இங்கு நாம் காண்போம்.

1980களில் இணையம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்த சிற்றூராகவே இருந்தது. 1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட புழு நிரல் அந்நம்பிக்கையைக் குலைத்தது. அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் 6,000 வரை அதனால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

அதன்பின் நிறுவனங்கள் தம் வலையமைப்பின் வாயிலில் காவலை வலுப்படுத்தத் தலைப்பட்டன. இணையத்தில் தகவல் சிறுசிறு பொதிகளாகப் பிரிந்தே பயணம் செய்கிறது. தொடக்கக்காலத் தீயரண், ஒவ்வொரு பொதியின்மீதும் குறிக்கப்பட்ட முகவரிகளையும் வாயில் எண்ணையும் பார்த்து, விடுவதா தடுப்பதா என முடிவு செய்தது. அஞ்சல் உறையைப் பார்த்ததேயன்றி மடலைப் படிக்கவில்லை. முன்வந்த பொதியை நினைவில் கொள்ளவுமில்லை. 1994இல் இஸ்ரேலின் செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபயர்வால்-1’, உள்ளிருந்து யார் எவரோடு தொடர்பைத் தொடங்கினார் என்பதைக் குறித்துவைத்தது. அதற்கு மறுமொழியாக வருவதை அனுமதித்து, அழையாமல் வருவதைத் தடுத்தது.

எனினும் இவையனைத்தும் ஓர் எண்ணத்தின்மீதே எழுந்தன: பகை வெளியே உள்ளது, உள்ளே இருப்போர் நம்மவர். இத்தகைய அமைப்பை, மொறுமொறுப்பான ஓட்டுக்குள் இருக்கும் மென்மையான உட்பகுதிக்கு 1990இலேயே ஒப்பிட்டார் பெல் ஆய்வகத்தின் வில்லியம் செஸ்விக். 2003 ஜனவரியில் ‘ஸ்லாமர்’ புழு அவ்வொப்புமையை மெய்ப்பித்தது. அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் தீயரண் இருந்தது. ஆயினும் ஒப்பந்ததாரரின் வலையமைப்பிலிருந்து தீயரணைச் சுற்றிவந்த இணைப்பு ஒன்றின் வழியே புழு நுழைந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினியமைப்பை ஏறத்தாழ 5 மணி நேரம் முடக்கியது. அணுவுலை அப்போது இயக்கத்தில் இல்லாதது நற்பேறு.

இதற்கிடையே வணிகமும் உருமாறியது. இணையப் பக்கங்களுக்கெனத் திறந்துவைத்த வாயில்கள் வழியே கணக்கற்ற செயலிகள் செல்லத் தொடங்கியதால், வாயில் எண்ணை மட்டும் கேட்கும் காவல் போதாதாயிற்று. 2000களின் பிற்பகுதியில் வந்த தீயரண்கள், எந்தச் செயலி, எந்தப் பயனர், என்ன உள்ளடக்கம் என்றும் வினவின. ஊழியர் மடிக்கணினியுடன் வீட்டுக்குச் சென்றார். நிறுவனத்தின் தரவு மேகக் கணிமைக்குச் சென்றது. எல்லையே கரைந்தபின் எல்லைச்சுவர் எங்கே நிற்கும்? உள்ளே இருப்பதனாலேயே எவரையும் நம்பலாகாது என்னும் கொள்கையை 2010இல் ஜான் கிண்டர்வாக் முன்வைத்தார். அதன்படி, சுவர் மறையவில்லை. ஊர் எல்லையிலிருந்து ஒவ்வோர் அறையின் வாயிலுக்கும் பெயர்ந்தது. கடைவீட்டுச் சுவரின் முதற்பொருளுக்கே சொல் திரும்பியது.

இம்மாற்றத்தின் தேவையை நம் வட்டாரமும் பட்டறிந்தது. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் குழுமத்தில் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. ஊடுருவியோர் 2017 ஆகஸ்டிலேயே பணியிடக் கணினி ஒன்றில் காலூன்றி, பின்னர் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து தரவுத்தளத்தை அடைந்தனர். ஐயத்துக்குரிய அறிகுறிகளை ஊழியர் சிலர் கண்டிருந்தும் உரிய காலத்தில் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை என்பதை, 2019 ஜனவரியில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை சுட்டியது. புகை தெரிந்தும் மணி ஒலிக்கவில்லை.

திருக்குறளின் ‘அரண்’ அதிகாரம், நீர், நிலம், மலை, காடு எனப் பல அடுக்குக் காப்பைக் கூறி, செயல்திறன் அற்றோர்க்கு எத்துணைச் சிறந்த அரணும் பயனற்றது என முடிகிறது. ‘தீயரண்’ என்னும் சொல்லை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் இவ்விரண்டாம் பகுதியை மறத்தலாகாது. ஐயமூட்டும் மின்னஞ்சலைக் கண்டதும் தயங்காமல் அறிவிக்கும் மாணவரும் அவ்வரணின் ஒரு பகுதியே.